யாருக்கு விசுவாசம்?
ஒண்டிவீரன், வெண்ணிக்காலாடி, ஓர் ஒனைடா வீரன்



ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வளர்ந்த நம்மில் மூத்தவர்களுக்கு 1997ஆம் ஆண்டு மறந்திருக்காது. அந்த ஆண்டு மே மாதம், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டு, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. கவர்னகிரியில் பிறந்து, கட்டபொம்மன் படையில் தளபதியாக நின்று, 1799இல் கும்பினிப் படையை எதிர்த்து உயிர் கொடுத்தவராக மக்கள் மரபு போற்றும் தேவேந்திரர் அவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினரில் ஒரு பகுதியினர் சொன்னார்கள். கலவரம் தென் மாவட்டங்களில் பரவியது. நம் இரண்டு ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களும் தப்பவில்லை. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. கடைசியில் அதே ஆண்டில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. நம் மாவட்டத்துக்கு இருந்த காமராசர் பெயரும் அப்போதுதான் போனது.

இதில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். 1974 முதல் திருநெல்வேலியிலிருந்து கட்டபொம்மன் பெயரில் பேருந்துகள் ஓடின. யாரும் ஏறமாட்டேன் என்று சொல்லவில்லை. அரசன் பெயரில் ஓடிய பேருந்து, அந்த அரசனுக்காகச் செத்த தளபதியின் பெயரில் ஓட முடியவில்லை. சுந்தரலிங்கம் விசுவாசமானவர், வீரமானவர் என்பதை எதிர்த்தவர்களும் மறுக்கவில்லை. அரசனுக்குப் பின்னால் நிற்கும்வரை அவர் வீரர். அவர் பெயர் வண்டியின் முன்னால் வந்தபோதுதான் சிக்கல் வந்தது.

ஆகவே இன்றைய பேச்சுக்கு விசுவாசம் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டோம். நம்முடைய வீரர்களைப் பற்றி யார் பேசினாலும் முதலில் வருவது அந்தச் சொல்தான். அது புகழ்ச்சியா, பூட்டா என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போர் நடந்த நிலம்

ராஜபாளையத்திலிருந்து தெற்கே சங்கரன்கோவில், தென்காசிப் பக்கம் போகிறவர்களுக்குச் சேத்தூர், சிவகிரி, தென்மலை, வாசுதேவநல்லூர், நெற்கட்டும்செவல் எல்லாம் பழகிய பெயர்கள். மேற்கே மலை, கிழக்கே கரிசல். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த நிலம் முழுவதும் பாளையங்களாகப் பிரிந்து கிடந்தது. ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்டவேண்டும். அதை வசூலிக்கக் கிழக்கிந்தியக் கும்பினி தன் படையை அனுப்பியது. அதில்தான் போர் தொடங்கியது.

1755இல் கர்னல் ஹெரானும் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் படையோடு தெற்கே வந்தார்கள். நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் பணியவில்லை. இருபதாயிரம் ரூபாய் கேட்டும் கிடைக்கவில்லை. கோட்டையை உடைக்கப் பெரிய பீரங்கி இல்லாமல் ஹெரான் திரும்பினார். அவர் பின்னர் இராணுவ விசாரணைக்கு உள்ளாகிப் பதவி இழந்தார். நவாபின் ஆட்கள் கையில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டையும் இந்தப் போரில் தாக்குதலுக்கு உள்ளானது. அடுத்து வந்தவர் யூசுப்கான். கும்பினியின் சிப்பாய்ப் படைக்குத் தலைவர், தமிழ் மண்ணில் பிறந்தவர், இந்த நிலத்தின் வழிகள் அறிந்தவர். 1759 தொடங்கி அவர் வாசுதேவநல்லூரையும் நெற்கட்டும்செவலையும் திரும்பத் திரும்பத் தாக்கினார். 1761இல் கோட்டைகள் விழுந்தன. ஆனாலும் போர் முடியவில்லை. 1767இல் கர்னல் கேம்பெல் மறுபடியும் வாசுதேவநல்லூரை முற்றுகையிட வேண்டியிருந்தது. மண்ணால் கட்டிய ஒரு கோட்டையைப் பிடிக்கக் கும்பினிக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

கோட்டைச் சுவர் மண் என்றால், அதை இத்தனை காலம் நிறுத்தியது அதற்குள் இருந்த மனிதர்கள். அவர்கள் யார்?

இரண்டு உடல்கள்

மக்கள் மரபு இரண்டு பெயர்களைச் சொல்கிறது. ஒருவர் ஒண்டிவீரன். அருந்ததியர். தெற்கே அந்தச் சமூகத்தாரைப் பகடை என்று அழைக்கும் வழக்கப்படி ஒண்டிவீரன் பகடை. மற்றொருவர் வெண்ணிக்காலாடி, தேவேந்திரர். இருவரும் பூலித்தேவரின் படைத்தலைவர்கள்.

ஒண்டிவீரன் கதை ஊருக்கு ஊர் சற்று மாறும். நடு இழை ஒன்றுதான். கும்பினிப் படை தென்மலையில் முகாமிட்டிருக்கிறது. அந்த முகாமுக்குள் நுழைந்து அவர்களுடைய குதிரையையும் வாளையும் எடுத்துவர முடியுமா என்று ஒரு சவால். ஒண்டிவீரன் தனியாகப் போகிறார். தோல் வேலை செய்பவராக, குதிரைக்குப் பணிவிடை செய்யும் ஆளாக உள்ளே நுழைகிறார். இரவில் குதிரையை அவிழ்க்கும்போது அது கனைக்கிறது. அவர் புல்லுக்குள் படுத்து மறைந்துகொள்கிறார். குதிரையைத் திரும்பக் கட்ட வந்த சிப்பாய், இருட்டில் முளைக்கம்பை அடிக்கிறான். கம்பு ஒண்டிவீரனின் கையைத் துளைத்து மண்ணில் இறங்குகிறது. அவர் சத்தம் போடவில்லை. முகாம் அடங்கிய பிறகு கையை உருவப் பார்க்கிறார், முடியவில்லை. தன் வாளால் தன் கையை வெட்டிவிட்டு, குதிரையோடும் வாளோடும் நெற்கட்டும்செவல் திரும்புகிறார்.

வெண்ணிக்காலாடியின் கதை வாசுதேவநல்லூரைச் சேர்ந்தது. இரவுச் சண்டையில் வாள் அவர் வயிற்றைக் கிழிக்கிறது. சரிந்த குடலை உள்ளே தள்ளி, தலைப்பாகையை அவிழ்த்து வயிற்றில் கட்டிக்கொண்டு சண்டையைத் தொடர்கிறார். முடிந்தபின் பூலித்தேவரின் மடியில் உயிர் விடுகிறார். அவருக்கு அரசன் நடுகல் எழுப்பியதாக மரபு சொல்கிறது.

1767க்குப் பிறகு பூலித்தேவர் மறைந்துவிட்டார். சங்கரன்கோவில் கோயிலுக்குள் போனவர் திரும்பவில்லை என்பது மக்கள் நம்பிக்கை. அரசன் மறைந்த பிறகும் ஒண்டிவீரன் ஒற்றைக் கையோடு போரைத் தொடர்ந்தார் என்றும், 1771 ஆகஸ்ட் 20இல் இறந்தார் என்றும் மரபு சொல்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் நெற்கட்டும்செவலை அடுத்த பச்சேரியில் மக்கள் கூடுகிறார்கள். 2022இல், அவருடைய 251ஆவது நினைவு நாளில், ஒன்றிய அரசு அவர் பெயரில் அஞ்சல் தலை வெளியிட்டது. பாளையங்கோட்டையில் மணிமண்டபம் இருக்கிறது.

ஆவணத்தில் இருப்பவரும் பாட்டில் இருப்பவரும்

மாணவர்கள் கேட்கும் கேள்வி நமக்குத் தெரியும். கல்லூரியில் யாராவது உங்களிடம் ஆதாரம் கேட்டால் என்ன சொல்வது?

நேர்மையான பதிலைச் சொல்வோம். இந்தப் போரைப் பற்றி விரிவாக எழுதிய முதல் ஆங்கிலேயர் ராபர்ட் ஆர்ம். அவர் புத்தகத்தில் நெற்கட்டும்செவல் ‘நெல்லிடங்கவில்’ என்றும், ஸ்ரீவில்லிபுத்தூர் ‘செவல்பெட்டோர்’ என்றும், பூலித்தேவர் ‘புலிதேவர்’ என்றும் வருகிறார்கள். பிறகு 1881இல் கால்டுவெல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதினார். இந்த வகை நூல்களில் பாளையக்காரருக்குப் பெயர் உண்டு. கும்பினி அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. பீரங்கிக் குண்டின் எடைக்கும் கணக்கு உண்டு. எதிரே நின்று சண்டையிட்டவர்களுக்கு மட்டும் கூட்டமாக ஒரே பெயர்: ‘கல்லரீஸ்’. கள்ளர் என்ற சொல்லை வைத்துக்கொண்டு, காட்டிலும் மலையடியிலும் எதிர்த்தவர் எவரானாலும் அந்த ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள். அந்தக் கூடைக்குள் மறவர் இருந்தார்கள், தேவேந்திரர் இருந்தார்கள், அருந்ததியர் இருந்தார்கள். எதிரியின் ஈட்டி எந்தச் சாதிக்காரன் கையிலிருந்து வருகிறது என்று கும்பினிக்காரனுக்குக் கவலை இல்லை.

அரண்மனைப் பக்கத்து எழுத்தும் நமக்கு உதவாது. எழுதத் தெரிந்தவன் தன் எசமானைத்தான் எழுதினான். ஆகவே ஒண்டிவீரனும் வெண்ணிக்காலாடியும் வாய்மொழியில் மட்டுமே உயிரோடு இருக்கிறார்கள். அது அவர்கள் குற்றம் அல்ல.

வாய்மொழியை அப்படியே சத்தியம் என்று எடுக்கச் சொல்லவில்லை. அதைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. முதலில், ஒரு கதை எதைச் சொல்லத் தேவையில்லாமலே சொல்கிறது என்று பார்க்க வேண்டும். தென்மலைக் கதை ஒரு தோல் தொழிலாளி முகாமுக்குள் தடையில்லாமல் நுழைந்தார் என்கிறது. இது அக்காலப் படை முகாமின் உண்மை நிலை. குதிரைக்குச் சேணமும் வாரும் வேண்டும், வாளுக்கு உறை வேண்டும், கேடயத்துக்குத் தோல் வேண்டும், பறைக்குத் தோல் வேண்டும், கிணற்றுக்குக் கமலைத் தோல் வேண்டும், நடக்கச் செருப்பு வேண்டும். தோல் வேலைக்காரர் இல்லாமல் எந்தப் படையும் ஒரு நாள்கூட நகராது. ஆனால் அவர்களை யாரும் நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை. ஒண்டிவீரன் தன்னைக் கண்ணுக்குத் தெரியாதவனாக்கிய அந்தச் சாதிப் பார்வையையே ஆயுதமாக்கினார். இது வெறும் கற்பனையாளனுக்குத் தோன்றும் விவரம் அல்ல. அந்தத் தொழிலை வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்த விவரம்.

இரண்டாவதாக, பக்கத்துக் கதைகளோடு ஒப்பிட வேண்டும். பாபநாசம் மலைச்சாரலில் பாடப்படும் முத்துப்பட்டன் கதையை நா. வானமாமலை பதிப்பித்திருக்கிறார். அதில் வாலப்பகடை ஆநிரை காக்கும் பொறுப்புடையவர். பார்ப்பனனான முத்துப்பட்டன் அவர் பெண்களை மணந்து, மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். மேற்குமலை அடிவாரத்தில் பகடைகளுக்குக் காவலும் ஆயுதமும் புதிதல்ல என்பதற்கு இது ஒரு துணைச் சான்று.

மூன்றாவதாக, நம் பக்கமே கவனமாக இருக்க வேண்டும். கதையில் இல்லாத தேதியைச் சேர்ப்பது, யாரும் பார்க்காத கடிதத்தை மேற்கோள் காட்டுவது, இவையெல்லாம் ஒண்டிவீரனுக்குச் செய்யும் மரியாதை அல்ல. ஒரு பொய்யான விவரம் பிடிபட்டால், அதைக் காட்டி முழு வரலாற்றையும் கட்டுக்கதை என்று தள்ளிவிடக் காத்திருப்பவர்கள் உண்டு. மரபு என்றால் மரபு என்று சொல்வோம். ஆவணம் என்றால் ஆவணம் என்று சொல்வோம். அதில் நமக்கு ஒரு குறையும் இல்லை.

கடலுக்கு அப்பால் ஒரு மணிக்கட்டு

ஒண்டிவீரன் இறந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுக்கு ஆறு ஆண்டுகள் கழித்து, உலகின் மறுபக்கத்தில் இன்னொருவர் கையில் காயம் பட்டது. அந்தக் கதையைச் சற்றுப் பார்ப்போம்.

வட அமெரிக்காவில் ஆங்கிலேய அரசுக்கு எதிராகக் குடியேறிகள் விடுதலைப் போர் நடத்தினார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளில் ஆறு இனங்கள் சேர்ந்த இரோகுவா கூட்டமைப்பு இந்தப் போரில் உடைந்தது. பெரும்பாலோர் ஆங்கிலேயர் பக்கம் போனார்கள். ஒனைடா மக்களும் டஸ்கரோரா மக்களும் பெருமளவில் அமெரிக்கர் பக்கம் நின்றார்கள். 1777 ஆகஸ்ட் 6இல் ஒரிஸ்கனி என்ற இடத்தில் அமெரிக்கப் படை பதுங்கித் தாக்கப்பட்டது. அந்தப் படையோடு வந்த ஒனைடா வீரர்களில் ஒருவர் ஹான் யெரி. துப்பாக்கிக் குண்டு அவர் மணிக்கட்டைத் துளைத்தது. அவருடைய மனைவி டியோனஜனேகன் பக்கத்தில் நின்று துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்துக் கொடுத்தார். அவர் சுட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் குடும்பத்தின் வீரத்தை அக்காலச் செய்தித்தாளே எழுதியது. போருக்குப் பிறகு ஒரிஸ்கா என்ற அவர்கள் கிராமத்தை எதிர்ப்பக்கம் நின்ற சகோதர இனத்தார் எரித்தார்கள்.

அமெரிக்கா வென்றது. ஒனைடா மக்களுக்கு என்ன கிடைத்தது? 1788இல் நியூயார்க் மாநிலம் அவர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, ஐம்பது லட்சம் ஏக்கருக்கு மேல் நிலத்தை எடுத்துக்கொண்டது. 1794இல் ஒன்றிய அரசு அவர்கள் செய்த உதவியை ஏற்று நன்றி சொல்லி ஒப்பந்தம் எழுதியது. அதற்கு அடுத்த ஆண்டே மாநிலம் மிச்சமிருந்ததிலும் ஒரு லட்சம் ஏக்கரைச் சட்டத்துக்குப் புறம்பாக வாங்கியது. அந்த வாங்கல் செல்லாது, ஒனைடா மக்கள் வழக்குத் தொடரலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல்தான் சொன்னது. 2005இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், காலம் கடந்துவிட்டது, அந்த நிலத்தின் மீது பழைய ஆட்சியுரிமையை இப்போது மீட்க முடியாது என்றது.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? விசுவாசத்துக்குப் புகழ் கிடைக்கும், நிலம் கிடைக்காது என்பதற்காக. அது ஒரு பாதி. மறு பாதி என்னவென்றால், ஒனைடா மக்கள் தங்களை யாருடைய சேவகர் என்றும் நினைக்கவில்லை. ஓர் இனம் இன்னோர் இனத்தோடு கூட்டுச் சேர்ந்தது என்றே சொன்னார்கள். அதனால்தான் இருநூறு ஆண்டு கழித்தும் நீதிமன்றத்தில் நின்று ஒப்பந்தத்தைக் காட்ட முடிந்தது. அவர்கள் கேட்டது பரிசு அல்ல, உடன்படிக்கை.

நம் நிலத்தில் அந்த உடன்படிக்கை எங்கே?

போர் முடிந்த பிறகு

1801இல் தென்பாளையங்களின் கடைசிப் போர் முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1இல் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ், பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் அறிக்கை வெளியிட்டார். 1803இல் நிரந்தரத் தீர்வு வந்தது. பிழைத்த பாளையக்காரர்களும், கும்பினிக்கு உதவியவர்களும் ஜமீன்தார்கள் ஆனார்கள். சேத்தூர், சிவகிரி எல்லாம் ஜமீன்கள் ஆயின. தாளில் ஏறியது பாளையக்காரர் பெயர். வாளும் ஈட்டியும் பிடித்து நின்ற காலாட்களின் பெயர் ஏறவில்லை. ஆயுதம் போனது, நிலம் வரவில்லை. அருந்ததியர் கையில் மிஞ்சியது கமலைத் தோலும் செருப்பும். பிறகு நகராட்சிகள் வந்தபோது துடைப்பம் சேர்ந்தது. இன்று நம் இரண்டு ஊர்களிலும் விடியற்காலையில் தெருவைக் கூட்டுகிறவர்கள் யார் என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கம் நின்றவர் கதையையும் பாருங்கள். பூலித்தேவரை முறியடித்த யூசுப்கான் கும்பினிக்குக் குறையில்லாத விசுவாசத்தோடு உழைத்தவர். நவாபோடும் கும்பினியோடும் முரண்பட்டதும், 1764 அக்டோபரில் மதுரையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1818 சனவரி 1இல் பீமா கோரேகானில் பேஷ்வா படைக்கு எதிராகக் கும்பினிப் பக்கம் நின்று மடிந்த மகர் வீரர்களின் பெயர்கள் அங்குள்ள தூணில் பொறிக்கப்பட்டுள்ளன. அதே ஆங்கில அரசு 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. அண்ணல் அம்பேத்கர் 1927 சனவரி 1இல் அந்தத் தூணுக்குச் சென்றார். அவர் அங்கே போனது ஆங்கிலேயருக்கு விசுவாசம் காட்டுவதற்காக அல்ல. பேஷ்வா ஆட்சியில் நடக்கவும் நிமிரவும் அனுமதி இல்லாத மக்கள், ஆயுதம் கிடைத்தபோது எப்படி நின்றார்கள் என்பதை நினைவூட்டவே போனார்.

ஆகவே நாம் ஒரு கணக்கைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். நம் முன்னோர் கும்பினிக்கு எதிராகவும் போரிட்டார்கள், கும்பினியோடு சேர்ந்தும் போரிட்டார்கள். நெற்கட்டும்செவலில் நின்றவர் தேசபக்தர், கோரேகானில் நின்றவர் துரோகி என்று ஒரே அளவுகோலை நம் மீது வைக்கிறவர்கள், 1803இல் பட்டா வாங்கியவர்கள் மீது அந்த அளவுகோலை வைப்பதில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் திரும்பி வந்தபோது சேரிதான் காத்திருந்தது என்பதே நம் வரலாற்றின் பொது விதி.

விசுவாசம் என்ற சொல்லை என்ன செய்வது?

ஒண்டிவீரனை மேடையில் புகழும்போது வழக்கமாக ஒரு வாக்கியம் வரும்: அரசனுக்காகத் தன் கையையே வெட்டிக்கொண்ட விசுவாசி. இதைக் கேட்கும் சிறுவன் மனதில் என்ன படியும்? எசமானுக்காக உடலைத் தருவதுதான் நம் பெருமை என்று படியும். அதுதான் சிக்கல்.

கதையை மறுபடி படித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அங்கே யாரும் ஒண்டிவீரனுக்குக் கட்டளையிடவில்லை. சவாலைத் தாமே ஏற்றார், தனியே போனார். ஒண்டி என்றால் தனி. திட்டம் அவருடையது, வேடம் அவருடையது. கம்பு கையில் இறங்கியபோது சத்தம் போடாமல் இருந்ததும், வெட்டுவதா பிடிபடுவதா என்று முடிவெடுத்ததும் அவரே. அந்த இரவில் அவருக்கு மேலே எந்த அரசனும் இல்லை. அது ஏவலாளின் பணிவு அல்ல, தளபதியின் தீர்மானம். மக்கள் அவரை வணங்குவதும் அதற்காகத்தான். பூலித்தேவர் அவரை நம்பினார் என்பதும் கதையில் இருக்கிறது. நம்பிக்கை இரண்டு பக்கமும் போனது. வெண்ணிக்காலாடி இறந்தது அரசன் மடியில் என்று கதை சொல்லும்போது, தீண்டாமை கோலோச்சிய காலத்தில் மக்கள் எந்த உறவைக் கனவு கண்டார்கள் என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது.

பாளையத்தை நாம் பொற்காலம் ஆக்கவும் வேண்டாம். போர்க்களத்தில் ஒன்றாக நின்றவர்கள் ஊருக்குள் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள் என்று சொல்ல நமக்கு எந்தச் சான்றும் இல்லை. போர் ஒரு கதவைக் கொஞ்சம் திறந்தது. அந்த இடைவெளியில் ஒரு பகடை தளபதி ஆனார், ஒரு காலாடி தளபதி ஆனார். போர் முடிந்ததும் கதவு சாத்தப்பட்டது. நாம் கேட்க வேண்டிய கேள்வி அந்தக் கதவைப் பற்றியது.

இன்று அந்தக் கதவில் ஒரு சின்னச் சந்தாக 2009ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1இல் உள் வகைப்பாடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதில் நம் மக்களுக்குள்ளேயே மாறுபட்ட கருத்துகள் உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. உட்கார்ந்து பேசுவோம். ஆனால் ஒண்டிவீரனும் வெண்ணிக்காலாடியும் ஒரே கோட்டைச் சுவரின் மேல் நின்றவர்கள் என்பதை மறந்துவிட்டுப் பேச வேண்டாம். ஆகஸ்ட் 20 ஒரு கூட்டத்துக்கு, செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்தநாள் இன்னொரு கூட்டத்துக்கு என்று பிரித்து, இரண்டுக்கும் நடுவே தடை உத்தரவும் காவல்துறை வேனும் நிற்பதைப் பார்க்கிறோம். ஒரே படையில் நின்று ஒரே போரில் இரத்தம் சிந்தியவர்களை நினைக்க, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வெவ்வேறு நாளில், காவலுக்கு நடுவில்தான் வரமுடிகிறது.

மாணவர்களுக்கு

கடைசியாகச் சில வேலைகள். இவற்றைச் செய்யப் பணம் அதிகம் வேண்டாம், காலம் வேண்டும்.

தென்மலை, பச்சேரி, வாசுதேவநல்லூர், சிவகிரி, சேத்தூர்ப் பக்கத்து முதியவர்களிடம் இந்தக் கதைகளைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஒரே கதையைப் பல சாதிக்காரர்களிடம் கேளுங்கள். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். யார் சொன்னார், எந்த ஊரில், என்றைக்கு என்று எழுதாத பதிவு பின்னால் உதவாது.

சாமியாக நிற்கும் வீரர்களைப் பாருங்கள். நம் ஊர்க் கோயில்களில் காவல் தெய்வமாக நிற்கும் பல பேர் ஒரு காலத்தில் காவல் செய்து செத்தவர்கள். அந்தப் பீடத்துக்குக் கொடை கொடுக்கும் குடும்பம் எது, முதல் மரியாதை யாருக்கு என்று விசாரித்தால் வரலாறு வெளியே வரும்.

சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். கும்பினியின் இராணுவக் கடிதங்களும் வருவாய்க் கடிதங்களும் அங்கே இருக்கின்றன. தளபதியின் பெயரைத் தேடுவதோடு நிற்காமல், மானியக் கணக்குகளைத் தேடுங்கள். எந்த ஊரில் யாருக்குக் காவல் மானியம் இருந்தது, எந்த ஆண்டு அது நீக்கப்பட்டது, பிறகு அந்த நிலம் யார் கைக்குப் போனது. ஒனைடா மக்களுக்கு ஓர் ஒப்பந்தத் தாள் இருந்தது. நம்முடைய தாள் இருந்தால் அது அந்தக் கட்டுகளுக்குள்தான் இருக்கும்.

அந்தத் தேடலில் கிடைப்பது சில சமயம் நமக்குப் பிடிக்காமலும் இருக்கலாம். அப்போதும் எழுதுங்கள்.

1997இல் பேருந்தின் முகப்பிலிருந்து ஒரு பெயரை அழித்துவிட முடிந்தது. எழுதித் தொகுத்து, பலர் கையில் இருக்கும் ஒரு வரலாற்றை அப்படி அழிக்க முடியாது. ஒண்டிவீரனை யாருக்கோ விசுவாசமாக இருந்தவர் என்ற அளவில் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். இருட்டில், தனியாக, தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு திரும்பி வந்தவர் என்று கொடுப்போம். அவர் திரும்பி வந்த பிறகு அவர் மக்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே கொடுப்போம்.